31 கிலோ போன பிறகும் மிஞ்சும் வயிறு

பதினாறு மாதத்தில் 98 கிலோவிலிருந்து 67-க்கு வந்தேன். ஜாக்கெட்டுகளை மூன்று முறை பிடித்துத் தைத்தாயிற்று. மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்து, "என்னம்மா, சுகர் ஏதும் வந்துடுச்சா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆனால் உள்பாவாடை நாடாவை முடிச்சுப் போடும்போது, அதற்கு மேல் மடிந்து விழும் அடிவயிறு மட்டும் போகவில்லை. சித்திரை வெயிலில் அந்த மடிப்புக்குள் வியர்த்து, சிவந்து, எரியும். இரவில் மின்விசிறிக்கு நேராக மல்லாந்து படுத்தால்தான் தூக்கம் வரும்.

நிறைய எடை குறைத்தவர்கள் பலரும் வந்து நிற்கும் இடம் இது. ஊரே பாராட்டும், நமக்கு மட்டும் தோற்றுவிட்டது போலிருக்கும். இந்த மிச்ச வயிற்றைப் பற்றி நான் கேட்டது, நம்பியது, நம்பிப் பணம் கொடுத்தது எல்லாவற்றையும் இங்கே எடுத்து வைக்கிறேன்.

நம்பிக்கை: வயிற்றுக்கென்று பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும்.

ஜிம் மாஸ்டர் எனக்கு முதலில் கொடுத்தது தினம் நூறு க்ரஞ்சஸ். எந்தத் தசை வேலை செய்கிறதோ, அதன்மேல் படர்ந்திருக்கும் கொழுப்பைத்தான் அது எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். உடம்பு அப்படி எடுப்பதில்லை. பயிற்சியின்போது சுரக்கும் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து, உடம்பெங்கும் உள்ள கொழுப்பு செல்களின் கதவைத் தட்டுகின்றன. எது திறக்கிறதோ அங்கிருந்து கொழுப்பு ரத்தத்துக்கு வந்து தசைக்குப் போய்ச் சேருகிறது.

1984-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 27 நாளில் ஒவ்வொருவரும் 5,004 சிட்-அப். வயிறு, முதுகு, பின்புறம் என மூன்று இடத்திலும் ஊசியால் கொழுப்பெடுத்து, செல்களின் அளவை முன்னும் பின்னும் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் ஒரே மாதிரிதான் சுருங்கியிருந்தன. வயிற்றுக்குத் தனிச் சலுகை கிடைக்கவில்லை. அதற்கும் முன்பே, 1971-ல், டென்னிஸ் வீரர்களை அளந்திருக்கிறார்கள். மட்டை பிடிக்கும் கையில் தசை பெருத்திருந்தது. தோலுக்கடியில் இருந்த கொழுப்போ இரண்டு கையிலும் ஒரே தடிமன்தான்.

அப்படியானால் வயிறு மட்டும் ஏன் கடைசி வரை பிடிவாதம் பிடிக்கிறது? கொழுப்பு செல்களின் மேல் ஹார்மோனுக்கு இரண்டு வகை ஏற்பிகள் இருக்கின்றன. பீட்டா வகை கொழுப்பை விடச் சொல்லும், ஆல்ஃபா-2 வகை பிடித்துவைக்கச் சொல்லும். பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும், பலருக்கு அடிவயிற்றிலும், இந்த இரண்டாவது வகை அதிகம். ரத்த ஓட்டமும் குறைவு. யாருக்கு எங்கிருந்து முதலில் போகும் என்ற வரிசை பெரும்பாலும் பிறவியோடு வருவது. க்ரஞ்சஸ் போட்டு அந்த வரிசையை மாற்ற முடியாது. அதற்காகப் பயிற்சியையே விட்டுவிட வேண்டியதில்லை. வயிற்றுத் தசை உறுதியானால் முதுகுவலி குறையும், நிமிர்ந்து நிற்க வரும். கொழுப்புக் கணக்கை மட்டும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

நம்பிக்கை: வியர்க்க வியர்க்க வயிறு வற்றும்.

இதற்கு நான் பணம் கொடுத்தேன். ஒரு ஸ்லிம்மிங் சென்டரில் பத்து சிட்டிங், வயிற்றைச் சுற்றிச் சூடான பெல்ட். முதல் நாள் நாற்பது நிமிடம் கழித்து டேப் வைத்து, "ரெண்டு சென்டிமீட்டர் போயிடுச்சு மேடம்" என்றார்கள். மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தேன். இரண்டு சொம்பு தண்ணீர், ராத்திரிச் சாப்பாடு. காலையில் என் டேப்பில் பழைய அளவு. போனது நீர், குடித்ததும் திரும்பிவிட்டது. ஒரு லிட்டர் வியர்த்தால் தராசில் ஒரு கிலோ குறையத்தான் செய்யும், அதில் கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை.

சரி, கொழுப்பு எந்த வழியாகத்தான் வெளியேறுகிறது? மூச்சு வழியாக. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014-ல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாகி நுரையீரல் வழியே போய்விடுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. வேகவேகமாக மூச்சு விட்டால் போதுமா என்றால், போதாது. செல்லுக்குள் கொழுப்பு எரிந்தால்தான் அந்த வாயுவே உண்டாகும். அதற்கு உடம்பு அசைய வேண்டும், அல்லது தட்டில் குறைய வேண்டும்.

நம்பிக்கை: கொள்ளு கொழுப்பைக் கரைக்கும்; வெறும் வயிற்றில் தேன் வெந்நீர் தொப்பையை எடுக்கும்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். கொள்ளு நல்ல பண்டம். நூறு கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம், கூடவே நார்ச்சத்து. ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல் சாப்பிட்டால் பதினோரு மணிக்கு வடையைத் தேடாது. அதன் பலன் அவ்வளவுதான், அது சிறிய பலனும் அல்ல. வயிற்றுக்குள் போய்க் கொழுப்பைத் தேடிப் பிடித்துக் கரைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. கொள்ளை வடிகட்டி ரசத்தை மட்டும் குடிப்பவர்கள் பெரும்பகுதிப் புரதத்தையும் நாரையும் சக்கையோடு கொட்டிவிடுகிறார்கள்.

தேன் ஒரு மேசைக்கரண்டி, 60 கலோரிக்கு மேல். வெந்நீரில் கலந்தாலும் அது சர்க்கரைதான்.

நம்பிக்கை: இன்னும் ஐந்து கிலோ குறைத்தால் இதுவும் போய்விடும்.

என்னை அதிகம் படுத்தியது இதுதான். 67-ல் நின்றிருக்க வேண்டியவள், 62-க்குப் போனால் வயிறு தட்டையாகும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். நடுநிசியில் படுத்து நாலரைக்கு எழுந்து வாக்கிங் போனேன். இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டியது, சீப்பு நிறைய முடி வந்தது, மாவு அரைக்கும் கிரைண்டரின் கல்லைத் தூக்கக் கை நடுங்கியது. வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடக்கச் சொன்னார். அடிவயிற்று மடிப்பை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார். பழைய காட்டன் துணி போலச் சுருங்கி, மெலிசாக எழும்பியது. "இது தோல்" என்றார். தொப்புளுக்குப் பக்கவாட்டில் கிள்ளினார். கெட்டியாக, தடிமனாக வந்தது. "இது கொழுப்பு." பிறகு தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேல் நடுக்கோட்டில் விரலை அழுத்தினார். மூன்று விரல் உள்ளே இறங்கியது. வயிற்றின் நடுவே கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழும்புவதை நானே பார்த்தேன். "இது ரெண்டுமே இல்லை. தசை நடுவில் பிரிஞ்சிருக்கு."

நான் தொப்பை என்ற ஒரே பெயரில் அழைத்தது மூன்று வேறு வேறு விஷயங்கள். சாப்பாட்டைக் குறைப்பது அவற்றில் ஒன்றுக்குத்தான் மருந்து.

தோலைப் பொறுத்தவரை, பல ஆண்டு இழுபட்டு நின்றதில் அதன் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் நைந்துபோகின்றன. வயது குறைந்தவர்களுக்கு ஓரிரு ஆண்டில் ஓரளவு இறுகும். நாற்பதைத் தாண்டி முப்பது கிலோ இறங்கியவர்களுக்கு முழுவதும் இறுகுவது அரிது. பட்டினி கிடந்தால் தோல் இன்னும் காலியாகத் தொங்கும். தசைப் பிரிவு கர்ப்பத்தில் வருவது. தொப்பை பெருத்த ஆண்களுக்கும் வரும். அதற்கு மூச்சோடு சேர்த்து ஆழ்தசையை இறுக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. எனக்கு நூறு க்ரஞ்சஸ் அந்த மேட்டை இன்னும் துருத்தத்தான் வைத்தது.

மீதி இருக்கும் கொழுப்பைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். எடை குறையும்போது கொழுப்பு செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை, செல்கள் சுருங்குகின்றன. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்தும் செல்களின் எண்ணிக்கை மாறவில்லை. காற்றுப் போன பலூன்கள் மாதிரி அதே எண்ணிக்கையில் அங்கேயே இருக்கின்றன. கடுமையாக இளைத்த உடம்பு செலவையும் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்தார்கள். அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழித்த சக்தி, எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. 2016-ல் வந்த ஆய்வு இது. இந்த நிலையில் இருப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் வாயைக் கட்டு" என்று சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

தூக்கத்தைக் குறைத்து நடந்ததும் தவறு. 2010-ல் வெளியான சிகாகோ ஆய்வில் பத்துப் பேரை ஒரே உணவில் 14 நாள் எட்டரை மணி நேரப் படுக்கையிலும், இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரப் படுக்கையிலும் வைத்துப் பார்த்தார்கள். தராசில் குறைந்தது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கொழுப்பாகக் குறைந்தது முதலில் 1.4 கிலோ, தூக்கம் கெட்டபோது 0.6 கிலோ. மிச்சம் தசை போன்றவற்றிலிருந்து போயிற்று. நான் கிரைண்டர் கல்லைத் தூக்க முடியாமல் நின்ற காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இப்போது இரவுச் சாப்பாடு உண்டு. உணவியல் நிபுணர் எனக்குச் சொன்னது கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், அதாவது நாளுக்கு 80 கிராம். இரண்டு இட்லியில் வருவது 4 கிராம் அளவுதான் என்று தெரிந்த அன்று திடுக்கிட்டேன். முட்டை, தயிர், சுண்டல், மீன் என்று கூட்டித்தான் அந்த எண்ணைத் தொட வேண்டியிருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படிக் கூட்டக்கூடாது.

நம்பிக்கை: பிரசவத்தின்போது வயிறு கட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்காது.

"அப்பவே படிச்சுப் படிச்சு சொன்னேன், வேட்டியைக் கிழிச்சு இறுக்கிக் கட்டிக்கோடின்னு. கேட்டியா?" அம்மா இதை இருபது வருடமாகச் சொல்கிறார். இரண்டும் சிசேரியன், தையல் வலியில் நான் கட்டவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி என்னோடு கூடவே வந்தது. துணி கட்டினால் எழும்போதும் இருமும்போதும் வயிற்றுக்குத் தாங்கல் கிடைக்கும், வலி குறையும். பாட்டிகள் கண்ட பலன் பொய்யில்லை. ஆனால் துணி கொழுப்பைக் கரைக்காது, பிரிந்த தசையை நிரந்தரமாகச் சேர்த்தும் வைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இடுப்புத்தளத்துக்குத்தான் போகும். கட்டாமல் விட்ட எந்தத் தாயும் தன் வயிற்றைத் தானே கெடுத்துக்கொண்டவள் அல்ல.

நம்பிக்கை: வயிறு தெரிகிறதென்றால் ஆபத்து அப்படியே இருக்கிறது.

கையால் கிள்ள வருவது தோலடிக் கொழுப்பு. கல்லீரலையும் குடலையும் சுற்றி உள்ளே படிவது வேறு. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் இட்டுச் செல்வது அதுதான். நல்ல செய்தி, எடை குறையும்போது அதன் பங்கு வேகமாகக் குறைகிறது. 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் உடல் பருமன் கொண்ட 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை லைபோசக்‌ஷனில் ஏறக்குறைய 10 கிலோ உறிஞ்சி எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தமும் இன்சுலின் வேலை செய்யும் திறனும் இம்மியும் மாறவில்லை. அதே 10 கிலோவை உணவாலும் நடையாலும் குறைத்தவர்களுக்கு இரண்டும் மாறும். என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3-லிருந்து 5.6-க்கு வந்தது, இந்தத் தொங்கும் மடிப்போடுதான்.

ஆனாலும் நம்மவர்கள் அசட்டையாக இருக்க முடியாது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 22.3. உடலில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வந்தபோது, வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம் என்றது. வயிற்றுச் சுற்றளவில் நமக்கு எல்லைக்கோடு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90.

அளப்பதிலும் தப்பு நடக்கிறது. உள்பாவாடை கட்டும் இடத்தில் அளக்கக்கூடாது. கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு முடித்ததும், டேப் தரைக்கு இணையாக இருக்க அளக்க வேண்டும். தொங்கும் தோல் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் விழும். எனக்கு 84 காட்டுகிறது. ஆக, குறைய வேண்டிய கொழுப்பு எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது என் மடிப்பில் இல்லை.

நம்பிக்கை: தோலை வெட்டி எடுப்பது அழகுக்குச் செய்வது.

மடிப்புக்குள் புண்ணும் பூஞ்சையும் திரும்பத் திரும்ப வருபவருக்கு அது அழகு விஷயம் அல்ல. தொங்கும் தோலை இறுக்கும் கிரீம் எதுவும் கிடையாது. மிஞ்சிய தோலை எடுத்து, பிரிந்த தசையைச் சேர்த்துத் தைக்கும் டம்மி டக் அறுவைதான் நேரான வழி. பெரிய அறுவை அது. ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை தழும்பு நிற்கும். நீர் கோக்கலாம், சீழ் பிடிக்கலாம், காலில் ரத்தம் உறையலாம். புகைப்பவர்களுக்குக் காயம் சரியாக ஆறாது என்பதால் முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள்.

நான் பார்த்த அறுவை மருத்துவர் 'முன்-பின்' படம் எதையும் காட்டவில்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு, புரதம் எவ்வளவு சாப்பிடுகிறேன், எடை எத்தனை மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறது என்று கேட்டார். குறைந்தது ஆறு மாதம் நிலையாக நின்ற பிறகு வரச் சொன்னார். அதுவரை குளித்ததும் மடிப்பை ஒற்றித் துடைத்து, மெல்லிய பருத்தித் துணியை இடையில் வைத்துக்கொள்கிறேன். காலையில் பத்து நிமிடம் பிசியோ சொன்ன பயிற்சி. நடுக்கோட்டில் இறங்கும் விரல் மூன்றிலிருந்து இரண்டாகியிருக்கிறது. 67-ல் நின்று நான்கு மாதம் ஆகிறது.