சான்றிதழா, போலீஸ் சரிபார்ப்பா, ஒரு போனா?

விடிந்தால் மேலகரத்திலிருந்து தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பள்ளி வேன்கள் கிளம்பிவிடும். சாயங்காலம் டியூஷன், கராத்தே, சிலம்பம். ஒரே நாளில் ஒரு பிள்ளை நாலைந்து பெரியவர்களின் பொறுப்பில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறது. அவர்களை விசாரித்துத்தான் வேலைக்கு வைத்தார்களா?

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்கு 2020 மார்ச்சில் வந்த விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பள்ளியோ, காப்பகமோ, விளையாட்டுப் பயிற்சி மையமோ, பிள்ளைகளோடு பழகும் எல்லா ஊழியர்களுக்கும், ஒப்பந்தக்காரர்கள் உட்பட, அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் நடக்க வேண்டும். ஆனால் எந்த வழியில் விசாரித்தால் எது தெரியவரும் என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

நன்னடத்தைச் சான்றிதழை நம்பவே வேண்டாம். கையெழுத்துப் போட்டவருக்கு ஆளைச் சரியாகத் தெரியுமா என்பதே சந்தேகம்.

போலீஸ் சரிபார்ப்பு அதைவிடப் பல மடங்கு மேல். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வேலைக்கு எடுப்பவருக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் வழக்காகப் பதிவானதைத்தான் அது காட்டும். 2021 மே மாதம் சென்னை கே.கே. நகரில் ஒரு பள்ளி ஆசிரியர் கைதானது, முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் பேசிய பிறகுதான். அதற்கு முந்தின மாதம் சரிபார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பெயர்க் குழப்பம் வேறு. காசி, சங்கரன், மாடசாமி என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கும் வட்டாரம் இது. தகப்பனார் பெயர், பழைய முகவரிகள் எல்லாவற்றையும் கொடுக்காவிட்டால் குற்றமற்றவர் மாட்டிக்கொள்ளலாம், குற்றவாளி தப்பிக்கலாம். புளியரை தாண்டினால் கேரளம். அங்கே வேலை பார்த்தவர் என்றால் கேரளப் போலீஸின் சான்றையும் கேட்பது நல்லது.

பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதைப் போலீஸார் மட்டுமே பார்க்க முடியும். தனியார் விசாரணை நிறுவனங்கள் பட்டத்தையும் முகவரியையும் சரிபார்க்கும். பெரிய பள்ளிகளுக்கு அது உதவும், பத்துப் பிள்ளைகள் வரும் டியூஷனுக்கு வீண்செலவு.

மிஞ்சுவது பழைய வேலையிடத்துக்கு ஒரு போன். காசு செலவில்லாத இந்த வழியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி, என்.சி.சி. பயிற்சியாளர் என்று சொல்லி வந்தவரை முகாம் நடத்த அனுமதித்தது. முகாமில் தங்கியிருந்த 13 வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று என்.சி.சி. பிறகு அறிவித்தது. முகாமுக்கு முன்பே அவர்களிடம் யாராவது கேட்டிருந்தால் அதே பதில்தான் வந்திருக்கும்.

போலீஸ் பதிவு மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்தின் சோஹம் ஊரும் சாட்சி. இயன் ஹண்ட்லி மீது வேறொரு ஊரில் பல பாலியல் புகார்கள் இருந்தன, தண்டனை இல்லை. வேறு குடும்பப் பெயர் சொல்லிப் பள்ளிப் பராமரிப்பாளர் வேலைக்குச் சேர்ந்தவர், 2002இல் 10 வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றார்.

போன் செய்யும்போது, வேலை கேட்டு வந்தவர் தந்த எண்ணை நம்பாமல் பழைய வேலையிடத்தின் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். "பிள்ளைகள் விஷயத்தில் புகார் வந்ததா? மறுபடி இவரை வேலைக்கு எடுப்பீர்களா?" இந்த இரண்டும் போதும். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுங்கள். பெயர் கெட்டுவிடும் என்று ராஜினாமா வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அனுப்பிவிடும் நிர்வாகங்கள் உண்டு. தன் ஊழியர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது போக்சோ சட்டம்.

ஆகவே பள்ளியும் காப்பகமும் போலீஸ் சரிபார்ப்பு, போன் இரண்டையும் வேலைக்குச் சேரும் முதல் நாளுக்கு முன்பே முடிக்க வேண்டும். சின்ன டியூஷன் நடத்துபவர் போனை இன்றே செய்யலாம். பெற்றோரும் கூச்சப்படாமல், "மாஸ்டரை எங்கே விசாரித்தீர்கள்?" என்று கேட்கலாம். உங்கள் பிள்ளை ஏற்கெனவே ஏதாவது சொல்லியிருந்தால், எந்தச் சான்றிதழுக்கும் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள்.