டேப்லெட்டுக்கு வந்த பென்குவின்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் சிஸ்டருடன் பங்குக் கோவில் கூடத்திற்குச் சென்று, சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே ஒரு பழைய கணிப்பொறி இருந்தது. அதில் ‘ஜிகாம்ப்ரி’ என்னும் விளையாட்டுப் பாடத் தொகுப்பை வைத்து ஓராண்டாக வகுப்பு நடத்தினோம். சென்ற ஜூன் மாதம் அந்தக் கணிப்பொறி உயிரை விட்டது. நல்ல மனம் கொண்ட ஒருவர் ஏழு பழைய டேப்லெட்டுகளைக் கொடுத்து உதவினார். பென்டிரைவில் பத்திரப்படுத்தியிருந்த ஜிகாம்ப்ரியை அவற்றில் போட்டுப் பார்த்தோம். திறக்கவே இல்லை. “அக்கா, பென்குவின் எங்கே?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். எங்களுக்கோ பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போய் நான் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

ஜிகாம்ப்ரியை 2000-ஆம் ஆண்டில் தொடங்கியவர் புரூனோ கூட்வான் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். பிரெஞ்சு மொழியில் “எனக்குப் புரிந்தது” என்று சொன்னால் எப்படி ஒலிக்குமோ, அப்படியே இப்பெயரும் ஒலிக்குமாம். இரண்டு வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு உரியது. எழுத்து, கணக்கு, சதுரங்கம், நீர்ச்சுழற்சி என்று நூற்றுக்கு மேற்பட்ட பாடங்கள் இதில் உண்டு. படகில் சென்று திரும்பிய டக்ஸ் என்னும் பென்குவின் குளிக்க வேண்டுமானால், பிள்ளைகள் சூரியனையும் மேகத்தையும் நீரேற்றும் பம்பையும் வரிசையாக இயக்கித் தண்ணீர் வரவழைக்க வேண்டும். எங்கள் கூடத்தில் இதற்குத்தான் போட்டி.

இது ஒரு திறந்த மூல மென்பொருள். அதாவது, அதை எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். இலவசம் என்பது வேறு, இந்த உரிமை வேறு. பக்கத்து வீட்டு அக்காள் தன் கோல நோட்டைக் கொடுத்து, “பார்த்துப் போட்டுக்கொள், புள்ளியை மாற்றினாலும் சரி” என்று சொல்வதைப் போன்றது. கோலத்தை மட்டும் காட்டிவிட்டு நோட்டை மூடி வைத்துக்கொள்பவர்களும் உண்டல்லவா!

சரி, நிரல் கையில் இருக்கும்போது டேப்லெட்டில் ஏன் ஓடவில்லை? இதையும் கோலத்தை வைத்தே புரிந்துகொண்டேன். தெருவாசலில் இருபத்தொரு புள்ளி வைத்துப் போட்ட கோலத்தை அப்படியே வாசற்படியில் போட முடியாது. புள்ளிகளைக் குறைத்து, இழைகளை முதலிலிருந்து இழுக்க வேண்டும். பழைய ஜிகாம்ப்ரி, மவுஸும் விசைப்பலகையும் உள்ள மேசைக் கணிப்பொறிக்காக ‘ஜிடிகே’ என்னும் கருவித் தொகுப்பைக் கொண்டு எழுதப்பட்டது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அந்தத் தொகுப்பு இல்லை. சில்லும் பெரும்பாலும் வேறு வகை. ஆகவே 2014-ஆம் ஆண்டில் அக்குழுவினர் ஒரு துணிச்சலான முடிவு செய்தார்கள். பதினான்கு ஆண்டு உழைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, ‘க்யூட்டி குயிக்’ என்னும் வேறொரு தொகுப்பில் எல்லாப் பாடங்களையும் ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். நானாக இருந்தால் அழுதிருப்பேன்!

திரை சிறிதாயினும் பெரிதாயினும் படம் மங்காதிருக்க, புள்ளிகளால் ஆன படங்களுக்குப் பதிலாகக் கோடுகளால் ஆன படங்களை வரைந்தார்கள். எழுத்துகள் மேலிருந்து விழும் பாடத்தில் தட்டுவதற்குக் கீழே விசைப்பலகை இல்லையே! திரையிலேயே ஒரு விசைப்பலகையை வரவழைத்தார்கள். மவுஸை இரு முறை அழுத்தப் பழக்கும் பாடம், விரலால் இரு முறை தட்டப் பழக்கும் பாடமாயிற்று. எல்லா மொழிக் குரல்களையும் உள்ளே அடைத்தால் டேப்லெட்டில் இடம் போதாது. வேண்டிய மொழியை மட்டும் பின்னர் இறக்கிக்கொள்ள வழி செய்தார்கள்.

இப்பணியில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. ஆனால் அன்பு மட்டும் போதாது, பணமும் வேண்டுமே. சில ஆண்டுகள் விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு பகுதி பாடங்களே இலவசமாகக் கிடைத்தன. முழுவதும் வேண்டுவோர் ஒரு தொகை கட்டினார்கள். அதில் தவறில்லை என்பது என் கருத்து. 2020-இல் அக்கட்டணமும் நீங்கியது. அந்த ஆண்டு நவம்பரில்தான், தொடங்கி இருபதாண்டு நிறைவில், 1.0 என்ற எண்ணுடன் புதிய பதிப்பு வெளிவந்தது.

எங்களுக்கு வேண்டியது இந்தப் புதிய ஆண்ட்ராய்டுப் பதிப்புதான். கூடத்தில் இணையம் இல்லை. சிஸ்டர் தம் கைப்பேசியில் ஒரு முறை இறக்கிக் கொடுக்க, அதையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினோம். “இப்படிப் படியெடுப்பது தவறில்லையா, சிஸ்டர்?” என்று தோழி ஒருத்தி பயந்து கேட்டாள். “எழுதியவர்களே அனுமதித்திருக்கிறார்கள், அம்மா” என்றார் சிஸ்டர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் ஒதுங்கி நின்ற முதல் வாரம், பிள்ளைகள் கண்ட இடத்தில் தட்டினார்களே தவிர ஒன்றும் கற்கவில்லை. படகை மேல்மட்டக் கால்வாய்க்கு ஏற்றும் பாடத்தில் மாட்டிக்கொண்டார்கள். அப்படி ஒரு கால்வாயை அவர்கள் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. பிறகு இரண்டு வாளியும் ஒரு ரப்பர் குழாயும் கொண்டுவந்து, நீர்மட்டம் சமமாவதைக் காட்டினேன். அதன் பின் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, மதகைத் திறந்து, நீர் ஏறும்வரை பொறுத்திருந்து, கதவைத் தட்டினாள்.

“அக்கா, படகு போயிடுச்சு!”

ஏழில் ஆறு டேப்லெட்டுகள் இப்போது ஓடுகின்றன. ஏழாவதற்கு மட்டும் இன்னும் சார்ஜ் ஏறவில்லை.