பல்லுக்கு எக்ஸ்ரே: தம்பதியர் அறிய வேண்டியவை

பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். பிறகு, "ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்கிறார். "அதான் கண்ணால பாத்தாச்சே, படம் எதுக்கு?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். மனைவி கருவுற்றிருந்தால் கேட்கவே வேண்டாம். "படமும் வேணாம், வைத்தியமும் வேணாம், புள்ள பொறந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் திருப்பி அழைத்து வந்துவிடுகிறார்கள். இது சரிதானா?

வாயில் நம் கண்ணுக்குத் தெரிவது பல்லின் தலைப்பகுதி மட்டுமே. வேர், தாடை எலும்புக்குள் புதைந்திருக்கிறது. வேலிக்கால் மண்ணுக்கு மேலே நன்றாகத்தான் நிற்கும். அடியில் கறையான் அரித்திருக்கும். பல்லும் அப்படித்தான். இரண்டு பற்களின் இடுக்கில் விழுந்த சொத்தையும், வேர் நுனியில் கட்டிய சீழும் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

படம் எடுக்கும்போது பல்லின் உட்பக்கம் ஒரு சிறு பிலிமை வைப்பார்கள். கன்னத்துக்கு வெளியே எக்ஸ்ரே குழாய் இருக்கும். கதிர் பல்லை ஊடுருவிப் பிலிமில் விழும். கெட்டியான பொருள் கதிரைத் தடுக்கும். அந்த இடம் படத்தில் வெள்ளையாக விழும். பல்லின் மேல்பூச்சும், உலோகம் வைத்து அடைத்த பல்லும் வெள்ளை. சொத்தையும் சீழும் கதிரைத் தடுக்க மாட்டா, அவை கருப்பு. ஆக, வெள்ளைப் பல்லில் கருத்த பள்ளம் தெரிந்தால் அது சொத்தை. வேர் நுனியில் கருவட்டம் தெரிந்தால் அங்கே எலும்பு அரிபட்டிருக்கிறது என்று டாக்டர் சந்தேகிப்பார். (பல்லில் பூச்சி என்பார்களே, அது மட்டும் எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை. அப்படி ஒரு பூச்சியே கிடையாது.)

குழாயை எந்தச் சாய்வில் வைக்கிறார்கள் என்பதில்தான் தொழிலே இருக்கிறது. உச்சி வெயிலில் நம் நிழல் குட்டையாகக் காலடியில் விழுகிறது; சாயங்கால வெயிலில் பனைமரம் போல நீளுகிறது. எக்ஸ்ரே படமும் ஒரு நிழல்தான். சாய்வு தப்பினால் வேர் நீண்டோ குறுகியோ தெரியும். மறுபடி எடுக்க நேரும். நீங்கள் தலையை அசைத்தால் படம் கலங்கிவிடும். குமட்டல் வந்தால் மூக்கால் மூச்சு விடுங்கள், அடங்கும். தாடை முழுவதையும் சுற்றி எடுக்கும் பெரிய படமானால் தோடு, மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் நிழல் பல்லின் மேல் விழும்.

1895-இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் இக்கதிரைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே வால்கோஃப் என்னும் பல் மருத்துவர் தம் பல்லையே படம் பிடித்தார். அதற்கு 25 நிமிடம் ஆயிற்று. இன்று ஒரு நொடிகூட ஆவதில்லை.

இனி, கர்ப்பிணிகள் விஷயம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் தினமும் நம்மீது கொஞ்சம் கதிர் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு சிறு பல் படத்தில் சேருவது ஏறக்குறைய ஒரு நாளில் இயற்கையாகச் சேரும் அளவே. அதுவும் தாடையை நோக்கிச் செல்லும் கதிர்; கருப்பைக்குப் போய்ச் சேருவது இல்லை என்றே சொல்லலாம். சில இடங்களில் ஈய மேலங்கி போர்த்துவார்கள், சில இடங்களில் போர்த்துவதில்லை. போர்த்தாவிட்டாலும் பயமில்லை, மனத்திருப்திக்குக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் "நாள் தள்ளிப் போயிருக்கு" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவசரமில்லாத படத்தை டாக்டர் தள்ளிவைப்பார்.

வலியும் வீக்கமும் இருக்கும்போது தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. சீழ் கன்னத்திலும் கழுத்திலும் பரவலாம், காய்ச்சல் வரும், தாய் சாப்பிட முடியாமல் கிடப்பாள். அந்த நேரத்தில் கணவர் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கிறோம். படத்துக்குப் பயந்தவர்கள் இந்த மாத்திரைக்குப் பயப்படுவதில்லை! ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை, முக்கியமாக 5-ஆம் மாதத்துக்குப் பிறகு, சிசுவின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம்.

பால் கொடுக்கும் தாய் படம் எடுத்த கையோடு குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். கதிர் பாலில் தங்குவதில்லை. "ஆம்பளைக்கு எதுவும் கொறையுமா?" என்று தனியாக வந்து கேட்கும் கணவர்களும் உண்டு. பல் படத்தால் ஒன்றும் குறையாது.

எடுத்த பிலிமைக் கையில் கொடுத்தால் ஈரம் படாமல் காகித உறையில் வையுங்கள். அடுத்த தடவை போகும்போது அதையும் கொண்டு போங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால் சொத்தை வளர்ந்திருக்கிறதா, நின்றிருக்கிறதா என்று டாக்டருக்குத் தெரியும்.