தேடும் மாணவருக்கு நம் காணொலி கிடைக்க...

2020இல் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நாள்களில் நம்மில் பலர் கைப்பேசியைக் கையில் எடுத்துப் பாடக் காணொலிகள் உருவாக்கத் தொடங்கினோம். பள்ளிகள் திறந்த பிறகும் பலர் அதை விடவில்லை. நம் ஆசிரியர்களின் யூடியூப் பக்கங்களைப் பார்க்கும்போது, வகுப்பறை அனுபவம் தெரிகிற அருமையான பாடங்கள் பல கண்ணில் படுகின்றன. ஆனால், வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் பகிர்ந்த அன்று முப்பது, நாற்பது பேர் பார்ப்பதோடு அவை நின்றுவிடுகின்றன. தேர்வுக்கு முந்தைய இரவு, காய்ச்சலால் ஒரு வாரம் பள்ளிக்கு வராத மாணவி அதே பாடத்தைத் தேடுகிறாள். அவளுக்கு முதலில் கிடைப்பது, காரணம் சொல்லாமல் விடையை மட்டும் வேகமாக எழுதிக்காட்டும் ஏதோ ஒரு காணொலி.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் கூட்டுத்தொடர் வரிசை நடத்தி முடித்த அன்று, மாணவர்களிடம் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன். “இந்தப் பாடம் புரியவில்லை என்றால் யூடியூபில் என்ன எழுதித் தேடுவீர்கள்? அப்படியே எழுதுங்கள்” என்றேன். ‘கூட்டுத்தொடர் வரிசை’ என்று எழுதியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானோர் ஆங்கில எழுத்துகளில் ‘டென்த் மேத்ஸ் 2.5’ என்று பயிற்சி எண்ணை எழுதியிருந்தார்கள். ஒருவன் ‘ஏபி சம் ஈஸி தமிழ்’ என்று எழுதியிருந்தான். ‘ஏபி’ என்றால் கூட்டுத்தொடர். ஐந்து நிமிடம் ஆகும் இந்தச் செயல்பாட்டை எந்தப் பாடத்திலும் செய்து பார்க்கலாம். நாம் பாடத்தின் பெயரால் நினைக்கிறோம். மாணவர்கள் பயிற்சி எண்ணால் நினைக்கிறார்கள்.

தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும்போது, தேடும் சொல்லுக்குக் காணொலி எவ்வளவு பொருந்துகிறது, பார்ப்பவர்கள் அதில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், அதை வெளியிடும் பக்கம் அந்தப் பொருளில் நம்பத்தக்கதா ஆகியவற்றைக் கவனிப்பதாக யூடியூபே சொல்கிறது. பொருத்தத்தைப் பார்க்கத் தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள், காணொலியின் உள்ளடக்கம் ஆகியவை பயன்படுகின்றன.

இவற்றுள் தலைப்புக்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘கற்போம் கணிதம் - பகுதி 7’ என்ற தலைப்பு நமக்கு அழகாக இருக்கலாம். தேடுபவருக்கு அதில் ஒன்றுமில்லை. ‘பத்தாம் வகுப்பு கணக்கு பயிற்சி 2.5 | கூட்டுத்தொடர் வரிசை’ என்று வைத்தால் வகுப்பு, பாடம், பயிற்சி எண், கருத்து நான்கும் வந்துவிடுகின்றன. கைப்பேசித் திரையில் நீண்ட தலைப்பின் பின்பகுதி மறைந்துவிடும் என்பதால் வகுப்பும் பயிற்சி எண்ணும் முன்னால் இருப்பது நல்லது. தலைப்புக்கு 100 எழுத்துருக்களே வரம்பு. தமிழில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் நாம் நினைப்பதைவிட விரைவில் இடம் தீர்ந்துவிடும். வகுப்பையும் பாடத்தையும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டுமானால் விளக்கப் பகுதியின் முதல் இரண்டு வரிகளில் எழுதிவிடலாம். அங்கே 5000 எழுத்துருக்கள் வரை இடம் உண்டு.

குறிச்சொற்களைப் பற்றி நம்மிடையே ஒரு மிகையான நம்பிக்கை இருக்கிறது. ஐம்பது சொற்களைக் கொட்டினால் காணொலி மேலே வரும் என்று சிலர் சொல்கிறார்கள். காணொலியைக் கண்டறிவதில் அவற்றின் பங்கு மிகக் குறைவு என்பதே யூடியூபின் சொந்த விளக்கம். எழுத்துப்பிழையோடு தேடப்படும் சொற்களுக்கு மட்டும் அவை உதவும். ‘ஒளிச்சேர்க்கை’யை மாணவர்கள் ‘ஒளிசேர்க்கை’ என்று தட்டச்சு செய்வார்கள். அந்தப் பிழை வடிவத்தைக் குறிச்சொல்லாகக் கொடுக்கலாம். தலைப்பில் சந்திப் பிழை வேண்டாம், நாம் ஆசிரியர்கள்.

விளக்கப் பகுதியில் நேரக் குறிப்புகள் கொடுப்பது பலரும் செய்யாத, ஆனால் நல்ல பலன் தரும் வேலை. 0:00 என்று தொடங்கி, ஒவ்வொரு கணக்கும் தொடங்கும் நேரத்தையும் அதன் எண்ணையும் வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும். ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையக்கூடாது. அப்போது காணொலி தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து தெரியும். கூகுள் தேடலிலும் குறிப்பிட்ட பகுதி நேரடியாகத் தோன்ற வாய்ப்பு உண்டு. நான்காவது கணக்கு மட்டும் தேவைப்படும் மாணவர் இருபது நிமிடமும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது, பார்ப்பவர் நிற்கும் நேரம். 2012 முதலே பார்வை எண்ணிக்கையைவிடப் பார்க்கும் நேரத்துக்கு யூடியூப் அதிக மதிப்பளிக்கிறது. சுழலும் சின்னம், பின்னணி இசை, ஆசிரியர் அறிமுகம், பள்ளி அறிமுகம் என்று ஒரு நிமிடம் போனால் மாணவர் அடுத்த காணொலிக்குப் போய்விடுவார். “இன்று பயிற்சி 2.5இல் முதல் நான்கு கணக்குகள்” என்று தொடங்கி உடனே பலகைக்குப் போகலாம். ‘இதைப் பார்த்தால் நூற்றுக்கு நூறு’ போன்ற தலைப்புகளும் இப்படித்தான்: நம்பி வந்தவர்கள் பாதியில் வெளியேறுவார்கள். நம் பெயரும் கெடும்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு நிலைமை சற்று வேறு. ஒன்றாம் வகுப்புக் குழந்தை தட்டச்சு செய்வதில்லை. அம்மாவோ பாட்டியோ கைப்பேசியில் பேசித் தேடுகிறார்கள். ‘உயிர்மெய் எழுத்துகள் அறிமுகம்’ என்பதோடு ‘க, ங, ச எழுதுவது எப்படி’ என்று பேச்சுநடையில் ஒரு வரி சேர்ப்பது பயன் தரும். இவ்வகைக் காணொலிகளைப் பதிவேற்றும்போது ‘குழந்தைகளுக்கானது’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதி இது. எந்த நாட்டிலிருந்து பதிவேற்றினாலும் பொருந்தும். அப்படிக் குறித்த காணொலியில் கருத்துப் பகுதியும் இறுதித் திரையும் இருக்காது. அடுத்த பாடத்துக்கு வழிகாட்ட, வகுப்புவாரியாகப் பிளேலிஸ்ட் அமைத்துவிட வேண்டும். இன்னொன்று: காணொலி அதிகம் பேரைச் சென்றடைய நாம் முயல்வதால், அதில் மாணவர்களின் முகமோ பெயரோ தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கூடுகிறது. பலகையும் கையும் தெரிந்தால் போதும்.

சிலர் ‘பட்டியலிடப்படாதது’ என்ற அமைப்பில் பதிவேற்றிவிட்டு, தேடலில் வரவில்லையே என்று கேட்கிறார்கள். அது இணைப்பு வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். ‘பொது’ என்று மாற்றினால்தான் தேடலில் வரும்.

பதிவேற்றிய சில வாரங்களுக்குப் பிறகு யூடியூப் ஸ்டுடியோவின் பகுப்பாய்வுப் பக்கத்தில், பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் தட்டச்சு செய்த சொற்களே அங்கே பட்டியலாக இருக்கும். கூட்டுத்தொடர் காணொலிக்கு வந்தவர்களில் பலர் ‘உறுப்புகளின் எண்ணிக்கை கண்டுபிடிப்பது எப்படி’ என்று தேடியிருந்ததை நான் அங்கேதான் பார்த்தேன். அதே வரியைத் தலைப்பாக வைத்து 7, 11, 15, ..., 99 என்ற வரிசையில் 24 உறுப்புகள் எப்படி வருகின்றன, வித்தியாசத்தால் வகுத்த பிறகு ஏன் ஒன்றைக் கூட்டுகிறோம் என்று விரல்விட்டு எண்ணிக்காட்டி, நான்கு நிமிடத்தில் தனிக் காணொலி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறேன்.