பழைய சாமானும் மறைத்த குறையும்

 

தொழுகை, நோன்பு பற்றி மஸ்அலா கேட்டு வருவோர் நம்மிடையே நிறைய உண்டு. கொடுக்கல் வாங்கல் பற்றிக் கேட்டு வருவோர் குறைவு. ஆனால் நாம் உண்ணும் கவளம் ஹலாலா ஹராமா என்பது பெரும்பாலும் கடைத்தெருவில்தான் தீர்மானமாகிறது.

சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவாசி ஒருவர் என்னிடம் வந்து அமர்ந்தார். காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருப்பவர். குழியில் இறங்கியதில் வண்டியின் முன் ஆக்சில் வளைந்துவிட்டது. புதிது வாங்க வசதியில்லாமல், பழைய சாமான் கடையில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஓர் ஆக்சில் வாங்கி மாட்டினார். "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தாராம். இரண்டு வாரத்தில் ஒரு பக்கத்து டயர் மட்டும் தேய்ந்தது. பட்டறையில் கழற்றிச் சுரண்டிப் பார்த்தபோது, புதுக் கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தது. சீசன் நேரமாயிற்றே என்று அதையே திரும்ப மாட்டி இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார். பிறகு கடைக்குப் போனபோது, எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஹஜ்ரத், என்னை ஒருத்தர் ஏமாத்திட்டார். நானும் பெயிண்ட் அடிச்சு, ஒண்ணும் சொல்லாம இன்னொருத்தருக்குத் தள்ளிவிட்டா குற்றமா?"

இதற்குள் மூன்று மஸ்அலாக்கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: குறையை மறைப்பது. நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்துப்பட எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. காய்ந்த தானியத்தை மேலே பரப்புவதும், வெல்டிங் தழும்பின் மேல் பெயிண்ட் பூசுவதும் ஒன்றுதான். துரு ஏறாமலிருக்கப் பெயிண்ட் அடிப்பது தவறில்லை. கண்ணை மறைக்க அடிப்பதே ஹராம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில் வாஸிலா (ரலி) என்ற ஸஹாபியைப் பற்றி எழுதுகிறார்கள். ஒருவர் முந்நூறு திர்ஹத்திற்கு ஓர் ஒட்டகத்தை விற்றார். அருகே நின்ற வாஸிலா (ரலி) அவர்கள், வாங்கியவரின் பின்னால் ஓடிச்சென்று, இறைச்சிக்கா, சவாரிக்கா என்று விசாரித்தார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் குளம்பில் ஓட்டையிருக்கிறது, தொடர்ந்த பயணத்திற்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. பார்த்தீர்களா? இறைச்சிக்கு என்றால் அது குறையே அல்ல. சவாரிக்கு என்றால் பெருங்குறை. நம் ஆக்சிலும் அப்படியே. எடைக்குப் போடும் இரும்பு என்றால் வெல்டிங் ஒரு பொருட்டல்ல. வண்டியில் மாட்டுவதற்கு என்றால் அது உயிர்ப் பிரச்சினை. முன் ஆக்சில் அடித்துப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டுவிடும். பாரம் ஏற்றியபின் அந்த இடத்திலேயே விட்டுப்போகலாம்.

இரண்டாவது: வாங்கியவரின் உரிமை. கைக்கு வருமுன்பே பொருளில் இருந்த குறை, வாங்கும்போது தெரியாமல் பின்னர் தெரியவந்தால், திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும் உரிமையை மார்க்கம் தந்துள்ளது. இதைக் 'கியாருல் ஐப்' என்பார்கள். "விற்ற சாமான் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பலகை மாட்டிவிட்டால் தீர்ந்ததா? எக்குறைக்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்றாலும், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்படி, இரும்புச் சாமான் போன்றவற்றில் விற்றவர் பொறுப்பிலிருந்து நீங்கமாட்டார். ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஆயினும் தெரிந்தே மறைத்த பாவம் நீங்காது.

ஆனால் இவ்வுரிமைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்தவுடனே திருப்ப முற்பட வேண்டும். தொழுகையிலோ உணவிலோ இருந்தால் முடித்துவிட்டுப் போகலாம், இரவானால் விடியும் வரை பொறுக்கலாம், அவ்வளவே. ஹனஃபி மத்ஹபில் உடனடி என்ற கட்டாயம் இல்லாவிட்டாலும், குறை தெரிந்தபின் தம் தேவைக்கு அதைப் பயன்படுத்துவது பொருந்திக்கொண்டதற்கு அடையாளமாகும். நம் சகோதரர் தெரிந்தபின்னும் ஒரு மாதம் சுமை ஏற்றினார். இரு மத்ஹபின்படியும் திருப்பும் உரிமையைத் தாமே இழந்துவிட்டார். மறைத்தவரின் பாவம் மறைத்தவர் மேல். நஷ்டமோ இவர் தலையில் நின்றுவிட்டது. இதைச் சொல்ல எனக்கே மனம் கசந்தது.

மூன்றாவது: அவர் கேட்ட கேள்வி. ஒருவர் நமக்குச் செய்த அநியாயத்தை, அதில் சம்பந்தமேயில்லாத மூன்றாமவர் மீது இறக்கிவைக்க மார்க்கத்தில் வழியில்லை. அந்த மூன்றாமவரும் நம்மைப் போல் வட்டிக்கு அஞ்சி, புதிது வாங்க வசதியின்றி வந்த ஏழையாகத்தான் இருப்பார். வண்டி சாய்ந்தால் அவர் மட்டுமா போவார்? எதிரே வருபவரும் போவார். குறையைச் சொல்லி விற்பதாயினும், வாங்குபவர் அதை மாட்டி ஓட்டப் போகிறார் என்று தெரிந்தால் ஆபத்துக்குத் துணை போனதாகும். ஆகவே, "பாய், அதை கேஸ் வைத்து இரண்டாக அறுத்து எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றேன். அவர் பதில் பேசாமல் எழுந்து போனார். மறுவாரம் வந்து, அறுத்துப் போட்டதில் இரண்டாயிரம் கூடத் தேறவில்லை என்று சொல்லிவிட்டு, முன் வரிசையில் போய்த் தொழ நின்றார். அல்லாஹ் அவருக்கு அதைவிடச் சிறந்ததை ஈடாக்கித் தருவானாக!

இனி, பழைய சாமான் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை. பொருளைக் கண்ணால் பாராமல் வாங்காதீர்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பாராத பொருளின் வியாபாரமே கூடாது. பெயிண்டைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். விரிசல் சந்தேகம் இருந்தால், மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துச் சாக்பீஸ் மாவு பூசினால், விரிசல் உள்ள இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். இரு முனையிலும் உள்ள கிங் பின் துளைகளுக்கிடையே நூல் பிடித்தால் வளைவு தெரியும். துளை முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால், முன் ஆக்சிலின் பல் கணக்கும் பின் ஆக்சிலின் பல் கணக்கும் ஒத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலாக, மூன்று நாள் தவணை பேசிக்கொள்ளுங்கள். மாட்டிப் பார்த்துத் திருப்தியில்லையேல் திருப்பித் தருவேன் என்று நிபந்தனையிடுவதற்குக் 'கியாருஷ் ஷர்த்' என்று பெயர். மூன்று நாள் வரை இது கூடும். பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில் தர மறுக்கும் இடத்தில் திருட்டுச் சாமானோ என்று அஞ்சுங்கள். திருட்டு என்று தெரிந்து வாங்குவது ஹராம். உடன் வரும் மெக்கானிக்குக்குரிய கூலியை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். அவர் உங்களுக்குத் தெரியாமல் கடைக்காரரிடம் கமிஷன் பெறுவது அமானிதத்திற்குச் செய்யும் துரோகம்.

இது வண்டிக்காரருக்கு மட்டுமான பாடம் அன்று. வீட்டில் பழைய தையல் மிஷினை, ஃபிரிட்ஜை, செல்போனை விற்கும் சகோதரிகளுக்கும் இதே சட்டம்தான். "அடிக்கடி நின்றுவிடும்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு விற்றால் ஐந்நூறு ரூபாய் குறையலாம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை விளக்கிவிட்டால் அவ்வியாபாரத்தில் பரக்கத் இறங்கும், மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. ஐந்நூறு ரூபாயா, பரக்கத்தா என்பதை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.