குறியும் நோயும்

மருத்துவர் நோயாளியின் உடலைப் பிளந்து பார்த்து நோயை அறிவதில்லை. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி முதலாக எண்வகைத் தேர்வினைச் சித்த மருத்துவ நூலார் வகுத்துள்ளனர். அத்தேர்வுகளால் கிடைக்கும் குறிகளைத் தம்முள் ஒப்பிட்டு, உள்ளே மறைந்து கிடக்கும் நோயை மருத்துவர் உய்த்துணர்கிறார். குறி வேறு, நோய் வேறு. காய்ச்சல் பல நோய்களுக்குப் பொதுவான குறி. அக்குறியையே நோயெனக் கொண்டு உடற்சூட்டை மட்டும் தணித்தால் நோய் நீங்கிவிடாது.

உயிருள்ள உடலுக்குரிய இம்முறை, மனிதன் செய்த இயந்திரத்திற்கும் ஏற்றதே. இக்காலத்து மோட்டார் வண்டி, தன்னுள் ஏதேனும் குறை நேர்ந்தால் ஓட்டுநரின் கண்ணெதிரே ஒரு விளக்கை ஏற்றி அதனை அறிவிக்கிறது. அவ்விளக்கைக் கண்டவுடன் நோயையே கண்டுவிட்டதாக எண்ணுவோர் பலர். உண்மையில் அவர்கள் கண்டது ஒரு குறியே.

அமெரிக்க நாட்டு உழவர்கள் ‘பிக்கப்’ என்னும் சிறு சரக்கு வண்டியைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த தட்டும் உடையது அது. ஃபோர்டு நிறுவனத்தார் 1925-ஆம் ஆண்டில் தம்முடைய ‘டி’ வகைக் காரின் பின்புறத்தில் இத்தகைய தட்டினைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றனர். விதை மூட்டை, உரம், வேலிக்கம்பி, பிறந்த சில நாளே ஆன கன்று ஆகிய எல்லாம் அதில் ஏறும். நம் நாட்டுச் சிற்றூர்களில் இரட்டை மாட்டு வண்டி ஆற்றிய பணியை அங்கே பிக்கப் ஆற்றி வருகிறது எனலாம்.

ஓஹியோ மாநிலத்தில் மக்காச்சோளம் பயிரிடும் உழவர் ஒருவர், 1994-ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற ஃபோர்டு எஃப்-150 வண்டி ஒன்றை இன்றும் வைத்து ஆள்கிறார் எனக் கொள்க. அறுவடைக்காலம். களஞ்சியத்திற்கும் வயலுக்கும் நாள்தோறும் பலமுறை சென்று வர வேண்டும். அப்போது வண்டியின் போக்கு மாறுகிறது. முதலில், ஒரே சீராக ஓடும்போதே வேகமானியின் முள் திடீரெனச் சுழிக்கு வீழ்ந்து மீண்டும் எழுகிறது. சில நாள் கழித்து, தடை அமைப்புக்குரிய ‘ஏ.பி.எஸ்.’ விளக்கு எரிகிறது. பின்னர், கியர் மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒருவர் எட்டி உதைத்தாற்போல வண்டி அதிர்கிறது. இறுதியாக, ‘ஓவர் டிரைவ்’ நிறுத்தப்பட்டதைக் காட்டும் சிறு விளக்கு, நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னத் தொடங்குகிறது.

அண்டை வயற்காரர் அதனைக் கண்டு, “கியர்ப் பெட்டி முடிந்தது, கழற்றிப் புதுப்பிக்க வேண்டியதுதான்” என்று தீர்ப்பளிக்கிறார். புதுப்பிப்பதற்குப் பல ஆயிரம் டாலர் செலவாகும். பழைய வண்டியின் மதிப்பே அவ்வளவு தேறுமா என்பது ஐயம். புதிய வண்டி வாங்கவோ அவ்வாண்டு விளைச்சலின் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும். உழவர் கலங்குகிறார்.

அண்டை வீட்டாரின் தீர்ப்பு சரியா, தவறா என்று ஆராயுமுன், கியர்ப் பெட்டியின் தொழிலைச் சிறிது அறிதல் வேண்டும். மேட்டில் ஏறும்போது வலிமை மிகுதியாகவும் வேகம் குறைவாகவும் வேண்டும். சமவெளியில் ஓடும்போது இதற்கு மறுதலை. எஞ்சினின் சுழற்சியை இவ்விரு நிலைக்கும் ஏற்ப மாற்றிச் சக்கரங்களுக்கு அளிப்பதே கியர்ப் பெட்டியின் தொழில். கிளட்சினை மிதிக்காமலே தானாகக் கியர் மாறும் பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1940-ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்தி விற்றனர். இன்று அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் இத்தகைய தானியங்குப் பெட்டிகளே மிகுதி.

அப்பெட்டியின் முன்புறத்தில் எதிரெதிராக அமைந்த இரண்டு விசிறிகள் எண்ணெயில் மூழ்கியுள்ளன. ஒன்றை எஞ்சின் சுழற்றுகிறது. அது தள்ளும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. அதன்பின், நடுவே ஞாயிறு போன்ற ஒரு பற்சக்கரமும், அதனைச் சுற்றிக் கோள்கள் போன்ற சிறு பற்சக்கரங்களும் உள்ளன. எச்சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது, எதனைச் சுழல விடுவது என்பதைப் பொறுத்துக் கியர் மாறுகிறது. பிடிக்கும் வேலையைச் செய்பவை எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சுத் தகடுகள். விசையைக் கடத்துவது, தகடுகளை அழுத்துவது, வெப்பத்தை வெளியேற்றுவது ஆகிய மூன்றையும் செவ்வெண்ணெய் ஒன்றே செய்கிறது. உடலுக்குக் குருதி எப்படியோ, அப்படி.

முற்காலப் பெட்டிகளில் எப்போது கியர் மாற வேண்டும் என்பதை எண்ணெயின் அழுத்தமே முடிவு செய்தது. ஃபோர்டு நிறுவனத்தார் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஈ4ஓடி’ என்னும் நான்கு கியர்ப் பெட்டியில் அம்முடிவு கணிப்பொறியின் கைக்கு மாறியது. உழவரின் வண்டியில் இருப்பது இப்பெட்டியே. வண்டியின் வேகம், எஞ்சினின் சுழற்சி, ஓட்டுநர் மிதியை அழுத்தும் அளவு ஆகிய செய்திகளை உணரிகள் வாயிலாகக் கணிப்பொறி பெறுகிறது; பெற்று, மின்வால்வுகளைத் திறந்தும் மூடியும் எண்ணெயை ஆள்கிறது. எனவே, கியர் மாறுவதில் கோளாறு தோன்றினால் அது பெட்டியின் கோளாறாகவும் இருக்கலாம். பெட்டிக்கு ஆணையிடும் கணிப்பொறிக்குச் சென்ற செய்தியின் கோளாறாகவும் இருக்கலாம். அண்டை வயற்காரர் இரண்டாவதை எண்ணிப் பார்க்கவில்லை.

வண்டி பழுது பார்க்கும் கம்மியர் ஒருவரிடம் செல்கிறது. திறமையுடைய கம்மியர் முதலில் திருகுளியை எடுப்பதில்லை, வினவுகிறார். எது முதலில் தோன்றியது, எது பின்னர் வந்தது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னரா, பாரம் இழுத்ததுண்டா என்று கேட்டறிகிறார். வேகமானியின் முள்ளே முதலில் தடுமாறியது என்று உழவர் கூறியது அவர் மனத்தில் தைக்கிறது. உழவருக்கோ அது ஒரு சிறு செய்தி; கேளாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார்.

அடுத்து எண்ணெயைப் பார்க்கிறார். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எண்ணெய் சூடேறியிருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எஞ்சின் எண்ணெயைப் பார்க்கும் முறைப்படி எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இவ்வகைப் பெட்டியில் அளவு பிழையாகத் தெரியும். அளவுக்கோலில் படிந்த எண்ணெயைக் கம்மியர் வெள்ளைத் துணியில் ஒற்றி எடுக்கிறார், முகர்ந்தும் பார்க்கிறார். அது கருத்து, தீய்ந்த நாற்றம் வீசுமாயின், தகடுகள் உராய்ந்து கருகுகின்றன என்பது பொருள். பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினால் உலோகத் துணுக்குகளும் கிடைக்கும். எஞ்சின் இரைந்து சுழன்றும் வண்டி விரையாமல் நழுவும். அந்நிலையில் அண்டை வயற்காரரின் தீர்ப்பே சரியாகியிருக்கும். அதன்பின் வண்டியை ஓட்டுவது எஞ்சியிருப்பதையும் அழிப்பதாகும். ஈண்டோ எண்ணெய் செந்நிறம் மாறாமல், அளவும் குறையாமல் இருக்கிறது. நழுவலும் இல்லை. உதைப்பு மட்டுமே உண்டு.

பின்னர், கணிப்பொறியின் நினைவில் பதிந்த குறிப்பைக் கேட்கிறார். அக்காலத்து ஃபோர்டு வண்டிகளில் இது விந்தையான முறையில் நடைபெறும். சோதனை இணைப்பின் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் விளக்கு கண் சிமிட்டி எண்களைச் சொல்லும். விளக்கு நான்கு முறை சிமிட்டி ஓய்கிறது. ஐந்து முறை சிமிட்டி ஓய்கிறது. பின் இரண்டு முறை. 452. வண்டியின் வேகத்தைப் பற்றிய செய்தி போதிய அளவு வந்து சேரவில்லை என்பது அவ்வெண்ணின் பொருள்.

1996-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களுக்கும் சிறு சரக்கு வண்டிகளுக்கும் பதினாறு முனைகள் கொண்ட பொதுவான சோதனை இணைப்பு விதிக்கப்பட்டது. கையடக்கமான கருவியை அதிற் செருகினால் எண் திரையில் தோன்றும். எளிமை மிகுந்தது, அவசரமும் உடன் மிகுந்தது. ‘பி0700’ என்னும் எண்ணைக் கண்டு கியர்ப் பெட்டியையே மாற்றக் கிளம்பியவர்கள் உண்டு. கியர்ப் பெட்டியை ஆளும் அமைப்பில் ஏதோ ஒரு குறிப்பு பதிந்துள்ளது, அதனைச் சென்று படிக்க என்பதற்கு மேல் அவ்வெண் ஒன்றும் சொல்லுவதில்லை. பொருளடக்கத்தைப் படித்தவர் நூலைப் படித்தவர் ஆவாரா?

இன்னொரு மயக்கமும் உண்டு. எஞ்சினில் எரிபொருள் சரியாகப் பற்றாதபோது தோன்றும் நடுக்கமும், கியர்ப் பெட்டியின் முன்புற விசிறிகளை ஒன்றாகப் பூட்டும் கிளட்சு நழுவும்போது தோன்றும் நடுக்கமும் ஓட்டுநருக்கு ஒன்றுபோலவே தெரியும். சீராக ஓடும்போது, வேக மிதியை விடாமல் தடை மிதியை மெல்லத் தொட்டால் அப்பூட்டு விடுபடும். உடனே நடுக்கம் நின்றால், ஐயம் அக்கிளட்சின்மேல் விழும். நில்லாவிட்டால் எஞ்சினை நாட வேண்டும். போக்குவரத்து இல்லாத சாலையிலேயே கம்மியர்கள் இதனைச் செய்து பார்ப்பர். உழவரின் வண்டியில் நடுக்கம் இல்லையாதலின், இச்சோதனைக்குத் தேவை எழவில்லை.

452 என்னும் எண்ணையும், முதலில் தடுமாறிய முள்ளையும், எரியும் தடை விளக்கையும் கம்மியர் ஒருசேர வைத்து நோக்குகிறார். இம்மூன்றிற்கும் பொதுவான உறுப்பு ஒன்று உண்டா? உண்டு. அவ்வகை வண்டியின் பின் அச்சுக் கூட்டினுள் பற்களுடைய வளையம் ஒன்று சக்கரங்களோடு சேர்ந்து சுழல்கிறது. கூட்டின் மேற்புறத்தில், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட உணரி ஒன்று அவ்வளையத்தை நோக்கிப் பொருத்தப்பட்டுள்ளது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழும். அத்துடிப்புகளைக் கொண்டே வேகமானி வேகத்தைக் காட்டுகிறது. தடை அமைப்பு, பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கிறது. வேகமானியின் வழியாகக் கணிப்பொறியும் வேகத்தை அறிகிறது.

துடிப்பு நின்றுபோனால் என்ன நேரும்? வண்டி அறுபது மைல் வேகத்தில் ஓடினும், நிற்கிறது என்றே கணிப்பொறிக்குச் செய்தி. ஒற்றன் வாராத நாளில் கோட்டைக் கதவை அடைத்துக் காவலை இருமடங்காக்கும் அமைச்சனைப் போல, கணிப்பொறி எண்ணெயின் அழுத்தத்தை மிகுதியாக்கிவிடுகிறது. தகடுகள் நழுவிக் கருகாமல் காப்பதற்காக அது செய்யும் ஏற்பாடு இது. மிகுந்த அழுத்தத்தோடு தகடுகள் சட்டெனப் பற்றுவதால் உதைப்பு தோன்றுகிறது. உழவர் நோயென்று அஞ்சியது, நோய் தாக்காமலிருக்கப் பெட்டிக்கு இடப்பட்ட காவலே.

கம்மியர் வண்டியின் கீழே நுழைந்து, உணரியைச் சுற்றிப் படிந்த மண்ணை முதலில் துடைத்து அகற்றுகிறார். அவ்வாறு செய்யாமல் கழற்றினால் மண் அச்சுக் கூட்டினுள் விழும். புதிய நோய் ஒன்றைக் கையாலேயே விதைத்ததாகும். ஒரே திருகாணி, கழற்றியதும் உணரி வெளிவருகிறது. அதன் காந்த முனையில் இரும்புத் துகள் களிம்புபோல் அப்பிக் கிடக்கிறது. அச்சின் பற்சக்கரங்கள் பல்லாண்டு உராய்ந்ததால் எழுந்த நுண்துகள் அது, வியப்பதற்கில்லை. விரலுக்குத் தட்டுப்படும் துணுக்குகள் இருந்தால்தான் அச்சையும் ஐயுற வேண்டும். முனையைத் துடைத்துவிட்டு, மின்தடையை அளக்கிறார். கம்பியை அசைக்கும்போதெல்லாம் அளவு தாவிக் குதிக்கிறது. உள்ளே சுருளின் இணைப்பு இற்றுப்போயிருக்கிறது. வண்டியின் கம்பித் தொடரையும் கணிப்பொறி வரையில் சோதித்து, அதில் குறையில்லை என்று தெளிந்த பின்னரே புதிய உணரியைப் பொருத்துகிறார். அதன் விலை, பெட்டியைப் புதுப்பிக்கும் செலவில் மிகச் சிறு பகுதி.

மின்கலத்தின் இணைப்பைச் சிறிது நேரம் கழற்றி வைத்ததும், நினைவில் இருந்த பழைய குறிப்பு அழிகிறது. குறிப்பை அழித்தல் நோயை நீக்குவதாகாது என்பதை அறிந்தவராதலின், அவர் உழவரையும் உடன் ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்க்கிறார். முள் அசையாமல் நிற்கிறது. கியர் மாறுவது செவிக்குத் தெரிகிறதேயன்றி முதுகுக்குத் தெரியவில்லை. விளக்குகள் இரண்டும் எரியவில்லை.

திரும்பி வந்ததும், எண்ணெய் மாற்றும் கணக்கை எழுதிவைக்கும் குறிப்பேட்டை உழவர் எடுக்கிறார். கம்மியர் அவரைத் தடுத்து, “முகப்பில் காட்டும் தொலைவை அப்படியே எழுதாதீர்கள் ஐயா. ஓடிய தொலைவை எண்ணுவதும் அதே உணரியின் துடிப்பைக் கொண்டுதான். முள் வீழ்ந்து கிடந்த பொழுதெல்லாம் ஓடிய மைல்கள் அதில் ஏறவில்லை” என்கிறார். களஞ்சியத்திற்கும் வயலுக்கும் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை முறை சென்று வந்தோம் என்று உழவர் விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார்.