வீட்டில் நிகழும் வன்முறையும் சங்கத்தின் கடமையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஆய்வு நடத்தினோம். கூலிப் பட்டுவாடாப் பதிவேட்டில் ஓர் அங்கத்தினச் சகோதரியின் பெயருக்கு எதிரே, மாதந்தோறும் அவர் கணவரின் கையொப்பமே காணப்பட்டது. அதிகாரக் கடிதம் உண்டா எனக் கேட்டோம், காட்டினர். கணக்குச் சரியெனக் குறித்துத் திரும்பினோம். மறு ஆய்வின்போது, அச்சகோதரி கை முறிந்து தறியில் அமர இயலாதிருந்தார். அடித்தவர் கணவர். உழைத்த கூலியில் ஒரு ரூபாயும் அவர் கைக்கு வந்ததில்லை. தெருவார் யாவரும் இதனை அறிந்திருந்தனர். பதிவேட்டை மட்டும் பார்த்துச் சென்றது நமது குறையே. அக்குறை மீண்டும் நேராதிருக்கவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

சட்டம் கூறுவது

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடித்தல் மட்டுமே வன்முறை அன்று. இழிசொல்லால் வதைப்பதும், பெண்ணுக்கு உரிய பணத்தையும் சீதனப் பொருளையும் பறிப்பதும் வன்முறையே என்று இச்சட்டம் கூறுகிறது.

"புகார் கொடுத்தால் கணவர் சிறை செல்வார், குடும்பம் சிதறும்" என அஞ்சிப் பல சகோதரிகள் வாய் திறப்பதில்லை. இச்சட்டத்தின்படி மனுச் செய்தவுடன் எவரும் சிறைக்கு அனுப்பப்படுவதில்லை. அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, செலவுக்குப் பணம் தரவேண்டும் என்று குற்றவியல் நடுவர் ஆணையிடலாம். வீடு கணவர் பெயரில் இருப்பினும், அதில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். கொடுமை மிகுந்தவிடத்துக் காவல் நிலையத்தில் தனியே குற்ற வழக்குப் பதியவும் வழியுண்டு.

உதவி கிடைக்குமிடம்

மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உளர். நடுவருக்கு மனுச் செய்ய அவர் உதவுவார். 181 என்னும் எண்ணை இரவிலும் பகலிலும் அழைக்கலாம். 2015இல் தொடங்கிய திட்டத்தின்படி அமைந்த ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவ உதவி, ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவை கிடைக்கும். தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் உள்ளன. பெண்ணின் வருமானம் எவ்வளவாயினும், சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தரும்.

திருந்த வேண்டியவை

மனுப் பெற்ற 3 நாட்களுக்குள் முதல் விசாரணையும், அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிவும் வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். ஆயினும் வழக்குகள் நீள்வதுண்டு. "சமாதானமாகப் போ அம்மா" என்று காவல் நிலையத்திலேயே திருப்பி அனுப்புவதும் உண்டு. தனியே செல்லும் பெண்ணைத் திருப்பி அனுப்புவது எளிது. பக்கத்தில் இருவர் நின்றால் அவ்வளவு எளிதன்று.

சங்கம் செய்யத்தக்கவை

கூலியையும் விளைபொருள் விலையையும் உழைத்தவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே செலுத்துக. அதிகாரக் கடிதம் வந்தால், அச்சகோதரியைத் தனியே அழைத்து அவர் விருப்பத்தைக் கேட்டறிக. அவர் வேண்டினால் கூலிப் பதிவின் நகலைத் தருக. நீதிமன்றத்தில் அது சான்றாகும். தாய்வீடு சென்று தங்க நேர்ந்தாலும், இயன்றவரை அங்கேயே நூலும் பாவும் கிடைக்கச் செய்க. கையில் கூலியில்லாதவர் மீண்டும் அடிக்கும் வீட்டுக்கே திரும்ப நேரிடும்.

அண்டை வீட்டாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர இயலாது. ஆகவே "பிறர் வீட்டுச் சங்கதி நமக்கேன்?" என்று ஒதுங்க வேண்டுவதில்லை.

படிப்பு வட்டத்தில் ஆராய்க

1. நம் சங்கத்தில் எத்தனை சகோதரிகளின் கூலியைப் பிறர் பெறுகின்றனர்?
2. 181 என்ற எண் நம் அறிவிப்புப் பலகையில் உள்ளதா?
3. உதவி நாடும் சகோதரியுடன் செல்ல நம்மில் யார் முன்வருவர்?